நிருபர், அறிவியல் எழுத்தாளர், பயிற்சியாளர்: மூன்றும் ஒருத்திக்கு ஆகுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 28 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று அடையாளம் தெரியாதபடி ஊர், பள்ளி, பத்திரிகை பெயர்களை நீக்கி, சில விவரங்களை மாற்றி அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

மீனவக் குடும்பம். எம்.எஸ்.சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்தவர். பல்கலைக்கழக அணிக்குக் கால்பந்து ஆடியிருக்கிறார். 21 வயதில் முழங்கால் தசைநார் கிழிந்ததோடு ஆட்டம் நின்றது. நான்கு ஆண்டுகளாக ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். செய்திக்கு இவ்வளவு என்று காசு வரும், நியமன ஆணை கிடையாது. ஓர் இணைய மாத இதழில் அறிவியல் கட்டுரைகள் எழுதுகிறார். மாலையில் ஊர் மைதானத்தில் இருபது பெண் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பயிற்சி தருகிறார். மைதானத்தில் பெண்களுக்கென்று நேரமும், உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும் என்று பங்குப் பேரவையிடம், அதாவது ஊர்த் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவிடம், இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அவளுவ கால் தெரிய ஓடுதாளுவ" என்பதுதான் அங்கிருந்து வந்த பதில்.

இப்போது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை வேலைக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. அதற்கு ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். அப்பா கடன் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். "மூணு சோலி வேண்டாம் பிள்ளே, ஒண்ணுல நில்லு" என்கிறாராம். செய்தி ஆசிரியரோ "நீ போராடுறவ, விளையாட்டுச் செய்தி எழுதாதே" என்கிறார். சத்துப் பவுடர் நிறுவனம் ஒன்று வீடியோவில் பேசக் காசு தருவதாகச் சொல்கிறது. இதழியல், அறிவியல் எழுத்து, பெண்கள் விளையாட்டு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு தொழிலாக்க முடியுமா, அதில் சட்டச் சிக்கல் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி.

அன்புள்ள தங்கைக்கு,

வேலையைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கங்களுக்குப் பிறகு வருகிறேன். கடிதத்தின் கடைசி நான்கு வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அச்சேறும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்கு முன்னமே அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்று இங்கேயும் தருகிறேன்.

மூன்று பெண்கள் உங்களிடம் சொன்னது

வேறொரு பயிற்சி மையத்தில் பழகிய மூன்று பெண்கள், அங்குள்ள பயிற்றுநர் தங்களைத் தொட்டும் பேசியும் தொல்லை கொடுத்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கு 16 வயது, ஒருவருக்கு 19. அவர்கள் பேசியதைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் யாரும் மறுக்க முடியாத கட்டுரையாக எழுதலாம் என்று காத்திருக்கிறீர்கள். நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாலையும் அந்த ஆள் மைதானத்தில் நிற்கிறான்.

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு தெளிவானது. 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "செய்தி தந்தவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பது நிருபரின் தர்மம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தர்மத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சட்டத்தில் நிருபருக்கென்று விலக்கு கிடையாது. இன்னொன்றும் உண்டு: நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்று அதே 19-ஆம் பிரிவு உங்களுக்குக் காவலாகவும் நிற்கிறது.

காவல் நிலையம் என்றதும் பெற்றோர் பயப்படுவார்கள் என்கிறீர்கள். நியாயமான பயம்தான். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்கலாம். கூடிய வரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24-ஆம் பிரிவில் இவ்வளவும் இருக்கிறது. நேராகப் போகத் தயக்கம் இருந்தால் 1098 எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழையுங்கள். அங்கிருந்து ஆள் வருவார்கள்.

பிள்ளைகளிடம் இனிமேல் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அது அவர்களையும் வதைக்கும், பிற்பாடு நீதிமன்றத்தில் "நிருபர் சொல்லிக் கொடுத்தது" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்லவும் இடம் கொடுக்கும். பதிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம், வெட்டவும் வேண்டாம், கைபேசியை மாற்றவும் வேண்டாம்.

19 வயதுப் பெண்ணின் நிலை வேறு. அவர் வயது வந்தவர். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவருக்குப் போலீஸைத் தவிர இன்னொரு கதவும் உண்டு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அலுவலகத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வரையறையிலேயே விளையாட்டு நிறுவனம், விளையாட்டரங்கம், போட்டி நடக்கும் இடம் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், புகாரே உரிமையாளர் மேலானாலும், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அவருக்கு இந்தக் கெடுவைச் சொல்லுங்கள், தள்ளாதீர்கள்.

கட்டுரையை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் புகாருக்குப் பிறகு. உங்கள் அணிப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் பழக்கம் இருப்பதால் வேறொரு நிருபர் எழுதுவது நல்லது. யார் எழுதினாலும் போக்சோ 23-ஆம் பிரிவு நினைவில் இருக்க வேண்டும். பெயரும் படமும் மட்டுமல்ல, முகவரி, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டும் வேறெந்த விவரமும் வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெருநகரத்தில் "16 வயது கோல்கீப்பர்" என்று எழுதினால் ஆயிரம் பேரில் ஒருத்தி. நம் கடற்கரையில் அப்படி எழுதினால் அன்று சாயங்காலமே எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

இப்படி ஒரு தொழில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இது மூன்றும் தனித்தனி என்று உங்கள் அப்பா நினைக்கிறார், நீங்களும் பாதி நம்பத் தொடங்கிவிட்டீர்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோரின் மகள். பாலினப் பரிசோதனை ஒன்றைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. அன்று நான் படித்த செய்திகளில் பரபரப்பு இருந்தது, பரிதாபம் இருந்தது. குரோமோசோம் என்பது என்ன, பிறவியிலேயே ஹார்மோனுக்கு உடல் வேறு விதமாக இசையும் பெண்கள் உண்டா, ஒரு பெண்ணின் மருத்துவ முடிவை ஊரறியச் சொல்ல யாருக்கு உரிமை, இதையெல்லாம் நிதானமாக விளக்கிய ஒரு பத்தி என் கண்ணில் படவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்கு அறிவியல் தெரியவில்லை. அறிவியல் தெரிந்தவர்கள் ஓடுகளத்தின் பக்கம் வரவில்லை. அந்த இடைவெளியில் ஒரு மனுஷி தன்னந்தனியாக விழுந்தார்.

பிறகு 2015-ல் ஒடிசாவின் டூட்டி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் வாதாடி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை வைத்துப் பெண்களைத் தடுத்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். கதை அதோடு முடியவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வருபவர்களுக்கு பொதுவாக ஆண்களிடம் காணப்படும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவுக்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இன்று நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் ஓடும் ஒரு பிள்ளை நாளை உலகப் போட்டிக்குப் போனால் அவளும் அதற்கு உட்பட வேண்டும். அதைப் பற்றி அவள் அம்மாவுக்குப் புரிகிற தமிழில் யார் சொல்வது? எனக்குத் தெரிந்து அதற்கு வேண்டிய தகுதி எல்லாம் சேர்ந்திருக்கும் சிலரில் நீங்கள் ஒருவர்.

உங்கள் முழங்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை "என் தோல்வி" என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஏ.சி.எல். எனப்படும் அந்தத் தசைநார், ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் கிழிகிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. தடுக்க வழியும் ஓரளவு உண்டு. ஃபிஃபா 11 பிளஸ் என்ற உடல் தயார்ப் பயிற்சி இருபது நிமிடம் பிடிக்கும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்த இளம் வீராங்கனைகளுக்குக் காயங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு 21 வயதில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. அது உங்கள் தோல்வி ஆகாது, உங்கள் முதல் கட்டுரைத் தொடர்.

இந்த மாவட்டத்தில் எழுத விஷயம் குவிந்து கிடக்கிறது. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆண்கள் கால்பந்து என்றால் ஊரே கரைக்கு வந்து நிற்கும். தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றதோ, 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீகை வென்றதோ அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வாங்கிய ராத்திரி எல்லோரும் வெடி போட்டார்கள். மறுவாரம் மைதானத்தில் பெண்களுக்கு நேரம் கிடைத்ததா என்று எழுத ஒரு நிருபர் வேண்டும். 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் காற்று மாவட்டச் சங்கங்கள் வரை வீசுகிறதா என்று போய்க் கேட்கலாம். அரசு அரங்கங்களில் பெண்களுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கழிப்பறை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வருமானம் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். இது ஒரே இடத்துச் சம்பளமாக வராது. நாளிதழ் கொஞ்சம், இதழ் கொஞ்சம், நாகர்கோவில் வானொலி நிலையத்தில் உரை, பள்ளிகளில் பட்டறை என்று துண்டு துண்டாகத்தான் சேரும். முதல் சில வருடம் நெருக்கடிதான். இதழியலில் பட்டயம் இல்லாதது குறையாகத் தோன்றினால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே முதுநிலைப் பட்டயம் படிக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். அறிவியலை எளிய தமிழில் சொல்லிப் பழகியவர்களை அங்கே சந்திப்பீர்கள்.

மைதானச் செய்தியும் புனைபெயரும்

இதில்தான் உங்களோடு நான் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. சென்ற வருடம் மைதானப் பிரச்சினையைப் பற்றிப் புனைபெயரில் ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். அதில் "பெயர் சொல்ல விரும்பாத பயிற்சியாளர் ஒருவர் கூறியதாவது" என்று நீங்கள் சொன்னதையே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "உண்மையைத்தானே எழுதினேன், அவதூறு எப்படி ஆகும்" என்று கேட்கிறீர்கள்.

உண்மை என்பது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499 போலவே, முதல் விதிவிலக்கு உண்மையையும் பொது நன்மையையும் சேர்த்துக் கேட்கிறது. மற்ற விதிவிலக்குகளில் பெரும்பாலானவை நல்லெண்ணம் என்ற ஒன்றின் மேல் நிற்கின்றன. எழுதியவரும் பேட்டி கொடுத்தவரும் ஒருவரே என்று தெரிந்த நிமிடம் அந்த நல்லெண்ணத்தை நிரூபிப்பது மலையேறுவதுதான். செய்தியில் ஒரு வரி கூடப் பொய் இல்லாதிருந்தாலும் வாசகர் உங்களை நம்ப மாட்டார், செய்தி ஆசிரியரும் நம்ப மாட்டார். தண்டனை இரண்டு வருடம் வரை போகலாம். அதைவிட, பங்குப் பேரவை கையில் நீங்களே ஒரு தடியை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

செய்தி ஆசிரியர் "நீ விளையாட்டே எழுதாதே" என்றது தவறு. ஆனால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒருத்தி மூன்று வேலையும் பார்க்கலாம். ஒரே செய்திக்குள் மூன்று பேராக இருக்கக் கூடாது. அவரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். பழைய செய்தியின் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் அணி, உங்கள் மைதானம், உங்கள் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட செய்தியை இனி வேறு நிருபர் எழுதட்டும், நீங்கள் பேட்டி கொடுங்கள், சொந்தப் பெயரில். அதைப் பற்றி உங்களுக்குக் கருத்து எழுத வேண்டுமானால் "நான் இந்த அணியின் பயிற்சியாளர்" என்ற வாக்கியத்தோடு கட்டுரையாக எழுதுங்கள். மற்ற மாவட்டம், மற்ற விளையாட்டு, மருத்துவம், விதிகள் எல்லாம் உங்கள் களம்தான். இதை ஒரு மின்னஞ்சலாக எழுதி அவருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மைதான உரிமைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்: பங்கின் பட்டாவா, ஊராட்சிப் புறம்போக்கா? பட்டாவே ஆனாலும் சுற்றுச்சுவரோ விளக்குக் கம்பமோ எம்.எல்.ஏ. நிதியிலோ ஊராட்சி நிதியிலோ போட்டதா? அரசுப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடத்தில் பாலினத்தைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு சொல்கிறது. அதை வைத்து வாதாட வழி உண்டு. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் நோட்டீஸுக்கு முன் இருபது அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு பங்குத் தந்தையைப் போய்ப் பார்ப்பேன். கால் தெரிய ஓடுவதைக் குறை சொல்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859-ல் திருவிதாங்கூர் அரசு ஆணை போட வேண்டி வந்தது இந்த மண்ணில்தான். பெண் என்ன உடுக்க வேண்டும் என்று ஊர் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை நம் பாட்டிமார் அடி வாங்கி உடைத்தார்கள்.

பள்ளி வேலை

இதை வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. மாதச் சம்பளம் பெரிய விஷயம், அதுவும் கடல் தரும் வருமானத்தை நம்பிய வீட்டில். ஆனால் இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். அது அரசு அனுமதித்த பணியிடமா, அல்லது நிர்வாகம் தன் பணத்தில் சம்பளம் தரும் பணியிடமா? இரண்டாவதானால் "பிறகு அனுமதி வந்துவிடும்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வருடக்கணக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்பவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது, கேட்கும் தொகைக்கு ரசீது தருவார்களா? தர மாட்டார்கள். ஆசிரியர் வேலை விலைக்கு விற்கும் பொருள் கிடையாது. ரசீதில்லாமல் கொடுத்த பணம் வேலை போனால் திரும்பி வராது. உங்கள் அப்பா கந்து வட்டிக்கு வாங்கிக் கொடுக்கப் போகும் பணம் அது. அந்தத் தொகையைக் கொடுக்காமல் கிடைக்கும் வேலையானால் யோசியுங்கள், கொடுத்தால்தான் என்றால் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

வேலையில் சேர்ந்தால் எழுதுவது என்ன ஆகும்? நியமனத்தோடு வரும் நடத்தை விதிகளை முதலில் வாங்கிப் படியுங்கள். நாளிதழின் தொடர்ச்சியான நிருபர் வேலை அதோடு ஒத்துப்போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் கட்டுரைக்கும் மாணவிகளுக்குப் பயிற்சி தருவதற்கும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம்.

இன்னொரு விளைவு உங்களுக்குத் தெரிந்திருக்காது. நியமன ஆணை இல்லாததால் தனக்குப் பத்திரிகையாளர் என்ற உரிமையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்திலேயே பகுதி நேரமாக வேலை செய்பவரும் வரையறைக்குள் வந்தார். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அப்படியே சொல்கின்றன, மின்னணு ஊடகத்தையும் சேர்த்திருக்கின்றன. நிபந்தனை என்னவென்றால் இதழியல் உங்கள் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். இதுவரை அப்படித்தான் இருந்தது. முழு நேர ஆசிரியை ஆன நாளிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே முடிவெடுக்கும் முன்பே நான்கு வருடமாக வந்த வங்கிக் கணக்கு வரவு, செய்தி அனுப்பச் சொன்ன வாட்ஸாப் தகவல்கள், உங்கள் பெயரோடு வந்த செய்திகள், அடையாள அட்டை இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். வழக்கு போடுவதற்கென்று சொல்லவில்லை. நியமன ஆணை கேட்டுப் பேசும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

கட்டுரைகளும் பவுடரும்

இணைய இதழ் உங்கள் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகம் போடப் போகிறது. "ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கியாச்சு, இனி அவர்களுக்குத்தான் சொந்தம்" என்று விட்டுவிட்டீர்கள். அப்படி இல்லை. நீங்கள் அவர்களுடைய ஊழியர் கிடையாது. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுப்பதானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எவ்வளவு காலம் என்று அந்த எழுத்தில் சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான், எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். கோபப்படாமல் ஒரு கடிதம் எழுதுங்கள்: புத்தகத்துக்குச் சம்மதம், ஆசிரியர் பெயர் அட்டையில் வர வேண்டும், உரிமைத் தொகை இவ்வளவு. அறிவியல் எழுத்தாளராக உங்களுக்கு முதல் புத்தகம் வரப்போகிறது, அதைப் பிறர் பெயரில் விட்டுவிடாதீர்கள்.

பவுடர் விளம்பரத்தை ஏற்காதீர்கள். "ரத்தசோகைக்கு நல்லது என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் உதவிதானே" என்கிறீர்கள். ரத்தசோகை உண்மையான பிரச்சினை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைக்கு இரண்டாம் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கும். ஆனால் அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ரத்தம் பார்க்கலாம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அதை ஏன் முழுங்காமல் துப்புகிறார்கள் என்று எழுதினால் அது பிரயோஜனம். சட்டப்படியும் ஆபத்து உண்டு: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றியவருக்கே பத்து லட்சம் வரை அபராதம் போடலாம். பயிற்சியாளர் சொன்னால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள், கடன் வாங்கியாவது. நாளை சத்துணவைப் பற்றி நீங்கள் எழுதும் எந்தக் கட்டுரையையும் அந்த ஒரு வீடியோ கெடுத்துவிடும்.

உங்கள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர் வாங்கத் தயாராக இருக்கும் கடன் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு என்று கூட உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பக்கத்திலேயே உங்கள் கடந்த ஒரு வருட வருமானத்தையும், இன்னும் இரண்டு வருடத்தில் எங்கிருந்து எவ்வளவு வரலாம் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கெடுவுக்குள் வீட்டுச் செலவில் இவ்வளவு தருவேன் என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவருக்கு நஷ்டக் கணக்கும் லாபக் கணக்கும் நம்மைவிட நன்றாகப் புரியும்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது 16 வயதுப் பிள்ளைகளின் விஷயம் ஒன்றுதான். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கம் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் துணை கேட்கலாம், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். பள்ளி நிர்வாகம் எழுத்தில் ஏதாவது கொடுத்தால், கையெழுத்துப் போடும் முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டு உடனே பதில் எழுதுகிறேன்.